இரட்டைத் துருத்தி

1928ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் மூன்று கார்கள் ஒரே நோக்கத்தோடு ஓடின. தரையில் மனிதன் போன அதிகபட்ச வேகம் எதுவோ அதை முறியடிக்க வேண்டும். முதலாவது, மால்கம் கேம்பலின் புளூ பேர்ட். விமானத்துக்காகச் செய்யப்பட்ட நேப்பியர் லயன் எஞ்சின், சுமார் 24 லிட்டர். இரண்டாவது, ரே கீச் ஓட்டிய ஒயிட் டிரிப்ளெக்ஸ். முதல் உலகப் போர்க்கால லிபர்ட்டி விமான எஞ்சின்கள் மூன்றை ஒரே சட்டத்தில் கட்டியிருந்தார்கள். மொத்தம் 81 லிட்டர். மூன்றாவது காரின் எஞ்சின் வெறும் மூன்று லிட்டர்.

மூன்று எங்கே, எண்பத்தொன்று எங்கே? ஆனாலும் அன்று டேடோனாவில் கூடியிருந்தவர்கள் அந்த மூன்று லிட்டர் காரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதை ஓட்டியவர் ஃபிராங்க் லாக்ஹார்ட், வயது 25. அந்த எஞ்சினுக்குள் காற்றை அடைத்து ஊட்ட இரண்டு சூப்பர்சார்ஜர்கள் இருந்தன.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு சூப்பர்சார்ஜர்களைப் பற்றியது. சாதனைப் பட்டியலைத் தேடினால் லாக்ஹார்ட்டின் பெயர் கிடைக்காது. பட்டியல் கீச்சைச் சொல்லும், கேம்பலைச் சொல்லும். ஆனால் இன்று எங்கள் கீழச்சிவல்பட்டி வழியாகத் திருப்பத்தூருக்கும் பொன்னமராவதிக்கும் போகிற லாரிகளின் எஞ்சினுக்குள் ஓடிக்கொண்டிருப்பது கீச்சின் யோசனை அல்ல, லாக்ஹார்ட்டுடையது. அதனால்தான் இவரைப் பற்றித் தமிழில் ஒருமுறையாவது விரிவாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

முதலில் சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மெக்கானிக்கல் படித்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் கதை இங்கேதான் இருக்கிறது.

விறகடுப்பு பார்த்தவர்களுக்கு ஊதுகுழல் தெரியும். விறகு அதே விறகுதான், நெருப்பும் அதே நெருப்புதான். குழலை வைத்து ஊதினால் குப்பென்று பிடிக்கிறது. கொல்லுப் பட்டறையில் இதே வேலையைத் துருத்தி செய்கிறது. எரிபொருளை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம், ஆனால் அது எரிய வேண்டுமென்றால் காற்று வேண்டும். எஞ்சினும் ஓர் உலைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சுகிற காற்றின் அளவுக்குத்தான் அது பெட்ரோலை எரிக்க முடியும். மூன்று லிட்டர் எஞ்சின் என்றால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது மூன்று லிட்டர் காற்றை இழுக்கும், அதற்கு மேல் முடியாது. இன்னும் சக்தி வேண்டுமா? எஞ்சினைப் பெரிசாக்கு. கேம்பலும் கீச்சும் போன வழி அதுதான்.

இன்னொரு வழி, அதே எஞ்சினுக்குத் துருத்தி வைப்பது. காற்றை வெளியிலேயே அழுத்தி, நெருக்கி, உள்ளே தள்ளுவது. மூன்று லிட்டர் இடத்தில் ஆறு லிட்டர் காற்றை அடைத்துவிட்டால் அது ஆறு லிட்டர் எஞ்சினுக்குச் சமமாக எரிக்கும். அந்தத் துருத்தியை எஞ்சினே தன் கிராங்கிலிருந்து சுற்றினால் அதற்குப் பெயர் சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தால் சுற்றினால் டர்போசார்ஜர்.

துருத்தி என்று நான் சொல்வது வெறும் உவமை இல்லை. இன்றைக்கும் பந்தயக்காரர்கள் பயன்படுத்துகிற ஒரு வகை சூப்பர்சார்ஜருக்கு 'ரூட்ஸ்' என்று பெயர். 1860களில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. அப்போது காரே கிடையாது. இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதுவதற்காகத்தான் அது பயன்பட்டது. ஒரு பெட்டிக்குள் எட்டு என்ற எண்ணைப் போன்ற வடிவில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றி, காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளும். கொல்லன் உலைக்குப் பிறந்த கருவி அரை நூற்றாண்டு கழித்துக் காருக்குள் ஏறியது.

லாக்ஹார்ட் பயன்படுத்தியது வேறு வகை. சென்ட்ரிஃபியூகல் என்பார்கள். சின்ன விசிறிச் சக்கரம் ஒன்று, கிராங்கைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சுற்றிக் காற்றை விளிம்புக்கு வீசி அழுத்தும். 1924இல் டியூசன்பர்க் நிறுவனம் இப்படிப்பட்ட சூப்பர்சார்ஜரை வைத்த காரோடு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்றது. அதன் பிறகு அங்கே அது இல்லாமல் ஜெயிக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

சரி, எல்லாம் சுலபம் போலத் தெரிகிறது. ஊதினால் எரியும், இன்னும் ஊதினால் இன்னும் எரியும். சிக்கல் எங்கே?

சைக்கிளுக்குக் காற்றடித்திருந்தால் சிக்கல் உங்கள் கைக்கே தெரியும். பத்துப் பதினைந்து தடவை அடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அது இயற்கை விதி. 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், எந்த இழப்பும் இல்லாத கற்பனை இயந்திரத்தில்கூட அது 95 டிகிரியைத் தாண்டிவிடும். நிஜ இயந்திரத்தில் இன்னும் மேலே போகும். சூடான காற்று விரிந்துகொள்ளும். எந்த நெருக்கத்துக்காக இவ்வளவு பாடுபட்டோமோ, அதில் ஒரு பகுதி சூட்டிலேயே போய்விடும். அதைவிட மோசம், சூடான கலவை ஸ்பார்க் வரும்வரை ஒழுங்காகக் காத்திருக்காது. சிலிண்டருக்குள் கண்ட இடத்தில் தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். சுத்தியலால் தட்டுவது மாதிரி சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் ஓட்டையாகும்.

லாக்ஹார்ட் கைவைத்த இடம் இதுதான்.

*

ஃபிராங்க் லாக்ஹார்ட் 1903இல் ஓஹியோ மாநிலத்தின் டேட்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். 1926 மே மாதம் இண்டியானாபொலிஸுக்கு வந்தபோது அவருக்கு அங்கே சொந்தக் கார் இல்லை. பீட் கிரைஸ் என்ற ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவருடைய மில்லர் காரை ஓட்ட இவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மழையால் 400 மைலோடு நிறுத்தப்பட்ட அந்தப் பந்தயத்தில் 23 வயதுப் பையன் முதல் முயற்சியிலேயே ஜெயித்துவிட்டார்.

மற்றவர்களாக இருந்தால் அந்த வெற்றியோடு ஊர் ஊராகப் பந்தயம் ஓடிப் பணம் சேர்த்திருப்பார்கள். லாக்ஹார்ட்டும் ஓடினார், சேர்த்தார். ஆனால் அவருடைய மனசு பட்டறையில்தான் இருந்தது. ஹாரி மில்லரின் எஞ்சின் அந்தக் காலத்துச் சிற்பம் மாதிரி ஒரு பொருள். எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர். அதை எல்லோரும் வாங்கினார்கள், வாங்கியபடியே ஓட்டினார்கள். லாக்ஹார்ட் மட்டும் ஜான் வைசல், ஜீனஸ் வைசல் என்ற பொறியாளர் சகோதரர்களோடு உட்கார்ந்து, சூப்பர்சார்ஜரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் ஒரு குளிர்விப்பானைச் செருகினார். சூடேறிய காற்று உலோகப் பட்டைகள் வைத்த குழாய்க்குள் புகுந்து, வெளியே அடிக்கிற எதிர்காற்றில் ஆறி, அதன் பிறகுதான் சிலிண்டருக்குள் நுழையும். இன்டர்கூலர். பந்தயக் காரில் அது வந்தது அப்போதுதான்.

காற்றை அழுத்தும் வேலையைச் செய்தது எஞ்சின். அதை ஆற்றும் வேலையைச் செய்தது கார் ஓடும்போது எதிரே வருகிற காற்றே. செலவில்லாத லாபம்.

1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் (இன்று அமெரிக்க விமானப்படையின் எட்வர்ட்ஸ் தளம் இருக்கும் இடம்) அந்த ஒன்றரை லிட்டர் கார் இரு திசையும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 164 மைல் போனது. கிலோமீட்டரில் சுமார் 264. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1927 மார்ச் 29 அன்று, ஹென்றி சீகிரேவ் டேடோனாவில் 203.79 மைல் போய், 200ஐத் தாண்டிய முதல் மனிதர் என்ற பெயரை எடுத்திருந்தார். அவருடைய சன்பீம் காரில் இரண்டு விமான எஞ்சின்கள், கிட்டத்தட்ட 45 லிட்டர்.

நாற்பத்தைந்து லிட்டர் போட்டு 204. ஒன்றரை லிட்டர் போட்டு 164. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த ஒருவருக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் எந்த வாகனத்துக்கும் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கு வேண்டுமானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 164லிருந்து 207க்குப் போக வேகம் கால் பங்கு கூடினால் போதும். சக்தியோ சரியாக இரண்டு மடங்கு தேவை. அதாவது இரண்டு மில்லர் எஞ்சின்!

*

லாக்ஹார்ட் அதைத்தான் செய்தார். இரண்டு எட்டு சிலிண்டர் மில்லர்களைப் பக்கவாட்டில் ஒரே அடிப்பெட்டியில் உட்காரவைத்து, இரண்டு கிராங்குகளையும் பல்சக்கரத்தால் இணைத்தார். பதினாறு சிலிண்டர், மூன்று லிட்டர். ஒவ்வொரு எட்டுக்கும் தனித்தனி சூப்பர்சார்ஜர். ஸ்டட்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஃபிரெட் மாஸ்கோவிக்ஸ் துணைக்கு வந்தார், காருக்கு ஸ்டட்ஸ் பிளாக் ஹாக் என்று பெயர் விழுந்தது. லாக்ஹார்ட் தன் சொந்தப் பணத்தையும் இதில் போட்டார்.

ஏன் இரண்டு துருத்தி, பெரிசாக ஒன்று போதாதா என்று கேட்கலாம். நம் ஊர்ப் பழைய பட்டறைகளில் இரட்டைத் துருத்தி உண்டு. ஒன்று காற்றை இழுக்கும்போது மற்றொன்று ஊதும், உலை ஒரு நொடிகூடத் தணியாது. எஞ்சினில் காரணம் வேறு. விசிறிச் சக்கரம் பெரிதாகப் பெரிதாக அதன் விளிம்பின் வேகமும் கூடும். ஓர் எல்லைக்கு மேல் உலோகம் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். சின்னதாக இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிற்கும். காற்றும் பதினாறு சிலிண்டருக்கும் ஒரே நீளக் குழாயில் அலையாமல், எட்டு எட்டாகப் பிரிந்து சீராகப் போகும்.

வண்டியின் மற்ற பாகங்களிலும் இதே சிக்கனம்தான். காரின் சிறிய வடிவத்தை விமானம் செய்கிறவர்களின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் மீன் வடிவில் மூடி. ரேடியேட்டர் வைத்தால் அது காற்றைத் தடுக்கும் என்று அதையே எடுத்துவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்க ஒரு தொட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டார்கள். ஓட்டம் சில நிமிடம்தானே, ஐஸ் உருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். இன்டர்கூலர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் காரின் மேல்தோலாகவே அமைந்தது. எடை ஒன்றரை டன்னுக்கும் கீழே. சீகிரேவின் சன்பீம் நான்கு டன்னை நெருங்கும்.

1928 பிப்ரவரி 19 அன்று கேம்பல் 206.96 மைல் போய் சீகிரேவைத் தாண்டினார். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று, லாக்ஹார்ட் இறங்கினார். வானம் சரியில்லை, மழையும் மூட்டமுமாக இருந்தது. இருநூறை ஒட்டிய வேகத்தில் கார் கட்டுப்பாட்டை இழந்து, மணலில் தெறித்து, கடலுக்குள் போய் விழுந்தது. அவர் காருக்குள்ளேயே சிக்கிக்கொண்டார். அலைகள் தலைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்க, கரையில் நின்றவர்கள் தண்ணீரில் இறங்கி இழுத்துக் காப்பாற்றினார்கள். பெரிய காயமில்லை.

காரைத் திருப்பி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய், செப்பனிட்டு, ஏப்ரலில் மறுபடியும் வந்தார்கள். அதற்குள் ஏப்ரல் 22 அன்று கீச் தன் 81 லிட்டர் ராட்சதத்தில் 207.55 மைல் போய்விட்டார். கேம்பலைவிட ஒரு மைலுக்கும் குறைவான வித்தியாசம்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 25. அன்று காலை முந்தைய ஓட்டத்திலேயே லாக்ஹார்ட் 200ஐத் தாண்டியிருந்தார். திரும்பி வரும் ஓட்டத்தில் பின்பக்க வலது டயர் வெடித்தது. கார் பக்கவாட்டில் திரும்பி, உருண்டு, அவரைத் தூக்கி எறிந்தது. உடனே உயிர் போய்விட்டது. 25 வயது முடிந்து 17 நாள். அவருடைய மனைவி எல்லா அந்தக் கரையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மணலில் கிடந்த ஏதோ கூரான சிப்பி முந்தைய ஓட்டத்திலேயே டயரை அறுத்திருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த வேகத்தில் ஒரு டயர் எதைத் தாங்குகிறது என்று யோசித்தால் இன்னும் புரியும். சக்கரத்தின் ஆரம் 38 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 207 மைலில் சுற்றும்போது விளிம்பிலிருக்கும் ஒரு கிராம் ரப்பர், இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் போதும்.

இதை எழுதும்போது எனக்கு உறைப்பது ஒன்றுதான். காற்றை எப்படி அடைப்பது, எப்படி ஆற்றுவது, எப்படிக் கிழித்துக்கொண்டு போவது என்று அந்தத் தலைமுறையில் யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தவர் அவர். கடைசியில் அவரைக் கொன்றது இரண்டு கைப்பிடி ரப்பருக்குள் அடைத்திருந்த காற்று. எஞ்சின் கடைசிவரை கெடவே இல்லை.

*

பெரிய எஞ்சின்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஆண்டு, 1929 மார்ச் 11 அன்று சீகிரேவ் கோல்டன் ஆரோ காரில் 231 மைல் போனார். சாதனையைத் திரும்பப் பிடிக்க ஒயிட் டிரிப்ளெக்ஸை மறுபடியும் கொண்டுவந்தார்கள். கீச் இந்தமுறை ஓட்ட மறுத்துவிட்டார். உள்ளூரில் கார் பட்டறை வைத்திருந்த லீ பைபிள் என்பவர் ஒப்புக்கொண்டார். மார்ச் 13 அன்று கார் தடம் புரண்டு அவரும் இறந்தார், படம் எடுத்துக்கொண்டிருந்த சார்லஸ் டிராப் என்ற ஒளிப்பதிவாளரும் இறந்தார். கீச் அந்த வருட இண்டியானாபொலிஸ் பந்தயத்தை ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து வேறொரு பந்தயத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். இருபத்தைந்து, முப்பது வயசுப் பையன்கள். ஒரு மைல், அரை மைல் வித்தியாசத்துக்காக.

ஆனால் இரட்டைத் துருத்தி சாகவில்லை. 1932இல் இத்தாலியில் விட்டோரியோ யானோ வடிவமைத்த ஆல்ஃபா ரோமியோ பி3 காரின் எட்டு சிலிண்டர்களுக்கு இரண்டு சிறு ரூட்ஸ் சூப்பர்சார்ஜர்கள், நாலுக்கு ஒன்றாக. 1938 ஜனவரி 28 அன்று ஜெர்மனியில் ருடால்ஃப் கராச்சியோலா, சூப்பர்சார்ஜர் வைத்த மெர்சிடஸில் பொதுச்சாலையில் மணிக்கு 432.7 கிலோமீட்டர் போனார். அந்தக் காரின் மூக்கு கிட்டத்தட்ட மூடியிருக்கும், குளிர்விக்க ஐஸ் பெட்டி. லாக்ஹார்ட் பத்து வருஷத்துக்கு முன்பு செய்தது! அதே நாளில் அதே சாலையில் அவரை முந்தப் பார்த்த பெர்ண்ட் ரோஸ்மெயர் காற்று அடித்துத் தள்ளி இறந்தார்.

அதற்குள் இரண்டு துருத்தியை வைக்க இன்னொரு முறையும் வந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது. முதலாவது இரண்டு மடங்கு அழுத்தும், அடுத்தது அதை மேலும் இரண்டு மடங்கு அழுத்தும், மொத்தம் நான்கு. நடுவிலோ முடிவிலோ ஒரு குளிர்விப்பான். உயரே போகப் போகக் காற்று மெலியும் வானத்தில் இதன் அருமை தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கு ஸ்டான்லி ஹூக்கர் தலைமையில் இப்படி இரண்டடுக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தினார்கள். 1942இல் அது ஸ்பிட்ஃபயர் 9 விமானத்தில் ஏறிப் போருக்குப் போனது.

*

போர் என்றதும் எங்கள் பக்கம் வந்துவிடலாம். கானாடுகாத்தானை அடுத்த செட்டிநாட்டில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் போட்ட விமான ஓடுதளம் ஒன்று இன்னும் கிடக்கிறது. கீழச்சிவல்பட்டியிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரம். பர்மா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு தென்னிந்தியா முழுக்க இப்படித் தளங்கள் எழுந்தன. பர்மாவில் நெல்லும் வட்டியுமாகச் செட்டிமார் கட்டிய செல்வம் போனது அந்தப் படையெடுப்பில்தான். ஊரில் அதைப் பற்றி நூறு கதை உண்டு. ஓடுதளத்தைப் பற்றி ஒரு கதைகூட இல்லை. புல் முளைத்த ஒரு நீண்ட தரை, அவ்வளவுதான்.

அதே போருக்காகச் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் ஒரு ஓடுதளம் போட்டார்கள். அதற்கு வேறு விதி வாய்த்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் பந்தயம் நடத்தியது. எண்பதுகளின் இறுதிவரை நாடெங்கும் இருந்து ஓட்டுநர்களும், பார்ப்பதற்குப் பெருங்கூட்டமும் வந்தார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வந்தது. வேகச் சாதனைக்காரர்கள் போருக்குப் பின் அமெரிக்காவிலும் இதைத்தான் செய்தார்கள். போர் விட்டுப்போன ஓடுதளம், போர் விட்டுப்போன எஞ்சின், போரில் கைத்தேர்ச்சி பெற்றுத் திரும்பிய பையன்கள்.

சோழவரத்தில் ஓடியவர்களில் லாக்ஹார்ட்டின் ஜாதி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் கோயம்புத்தூர் கரிவரதனைத்தான் சொல்வேன். ஓட்டத் தெரிந்தவர், அதைவிடக் கட்டத் தெரிந்தவர். எண்பதுகளின் இறுதியில், வீட்டு வாசலில் நின்ற மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். வெளிநாட்டிலிருந்து கார் இறக்குமதி செய்ய வசதியுள்ள பணக்காரர்களின் விளையாட்டாக இருந்ததைக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்தவர் அவர். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார்.

*

உட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் பாலையில் 1949 முதல் வேக வாரம் நடத்தப்பட்டுவருகிறது, வழக்கமாக ஆகஸ்டில். 2018இல் அங்கே கெய்லா ரிவாஸ் என்ற 18 வயதுப் பெண், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் 650 வண்டியில் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். நம் பத்திரிகைகள் கவனித்த பானவில் செய்தி அநேகமாக அது ஒன்றுதான்.

ஆனால் அங்கே என்னை இழுப்பது வின்டேஜ் எஞ்சின் பிரிவு. 1932 முதல் 1953 வரை வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 போன்ற பழைய எஞ்சின்களுக்கென்றே அங்கே தனி வகுப்புகள், தனிச் சாதனைகள். பிறந்தபோது 65 குதிரைசக்தி தந்த எஞ்சின் அது. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து கிராங்கைத் தாங்க மூன்றே பேரிங். புகை வெளியேறும் வழி வார்ப்பிரும்பு பிளாக்குக்குள்ளேயே போவதால் எப்போதும் கொதிக்கும். இதன் தலையில் போய் சூப்பர்சார்ஜரை வைக்கிறார்கள், சிலர் இரண்டை வைக்கிறார்கள். வேறு சில எஞ்சின்களில் பழைய டீசல் லாரி, பஸ்களிலிருந்து கழற்றிய ஜிஎம் 6-71 ரூட்ஸ் ஊதியே வந்து உட்காரும். உப்புப் பாலை கடல் மட்டத்திலிருந்து 4,200 அடி உயரம். காற்றே அங்கே எட்டில் ஒரு பங்கு குறைவு. முதலில் அந்தக் குறையை அடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

இதில் கஷ்டம் எல்லாமே இரட்டிப்பு. இரண்டு ஊதிகளும் ஒரே அளவு ஊத வேண்டும். ஒரு பக்கம் காற்று கூடி எரிபொருள் குறைந்தால் அந்தப் பக்கத்து பிஸ்டன் உருகும். ஊதிகளைச் சுற்றவே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கெட் பிய்யும். நாக்கிங்கைத் தடுக்க கம்ப்ரஷனைக் குறைக்கிறார்கள், மெத்தனால் ஊற்றுகிறார்கள். மெத்தனால் ஆவியாகும்போது கலவையின் சூட்டை இழுத்துக்கொள்ளும், இன்டர்கூலர் செய்கிற வேலையில் பாதியை எரிபொருளே செய்துவிடும். இத்தனைக்குப் பிறகும் பேரிங் மூன்றுதான். எண்பது வருஷத்துக்கு முந்தைய இரும்புதான்.

எதற்கு இந்தப் பாடு? புது எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டினால் இதைவிட நிம்மதியாக, இதைவிட வேகமாகப் போகலாமே?

இந்தக் கேள்வியை ஊரில் ஒருவரிடம் கேட்டேன். எனக்கு மாமா முறை. வாலிபத்தில் ரைஸ் மில்லில் ஆயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். இரட்டை சூப்பர்சார்ஜர் வைத்த ஃபிளாட்ஹெட் படம் ஒன்றைப் போனில் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்துறது பெரிசில்ல மாப்ளே. மூச்சு விட வழி வேணும். தவுட்டுத் தூசி போயி ஏர் பில்டர் அடச்சுச்சுன்னு வையி, கரும்பொகையாத் தள்ளும். மொதலாளி, எஞ்சின் தேஞ்சு போச்சுடாம்பாரு. தேயல்லாம் இல்ல. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்."

"அது சரி மாமா, பழைய எஞ்சினுக்குப் போயி இவ்வளவு செலவு பண்ணணுமா?"

"புது எஞ்சின் ஓடுனா அது பண்ணுனவனுக்குப் பேரு. பழசு ஓடுனா ஓட்டுனவனுக்குப் பேரு."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. பானவில் வகுப்புப் பிரிவுகளுக்குப் பின்னால் இருக்கிற தத்துவமே இதுதான். எஞ்சினின் வயதையும் அளவையும் கட்டிப்போட்டுவிடு, மீதியுள்ள வித்தியாசம் மனிதனுடையது. எஞ்சினின் அளவுக்கேற்ற வகுப்புப் பட்டியலே போதும் என்று நினைத்திருந்தால், லாக்ஹார்ட் மியூராக்கிலேயே தன் பெயரை எழுதிவிட்டுத் திருப்தியாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். 81 லிட்டரோடு ஒரே மணலில் மோத வேண்டிய அவசியம் வந்திருக்காது. இருந்தாலும் சும்மா இருந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

*

பிளாக் ஹாக் நொறுங்கியது. எஞ்சின் நொறுங்கவில்லை. கடலில் ஒருமுறை மூழ்கி, மணலில் ஒருமுறை உருண்டு, ஓட்டியவரை இழந்தபின்னும் அந்தப் பதினாறு சிலிண்டர் பிழைத்துக்கிடந்தது. பிறகு ஆல்டன் சாம்ப்சன் என்பவரின் கைக்குப் போய், ஒரு புதுப் பந்தயக் காருக்குள் ஏறி, 1939இல் இண்டியானாபொலிஸில் ஓடியது. செய்து பதினொரு வருஷம் ஆன எஞ்சின். பந்தய உலகில் அது கிழட்டு வயசு. இன்று இண்டியானாபொலிஸ் பந்தயத்தட அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அவருடைய இன்டர்கூலருக்கு அருங்காட்சியகம் தேவைப்படவில்லை. டீசல் லாரிக்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள், பிறகு பஸ், பிறகு கார். எங்கள் ரோட்டில் கல் ஏற்றிப் போகிற லாரிகளில் பாதியின் பக்கவாட்டில் 'டர்போ இன்டர்கூலர்' என்று எழுதியிருக்கும். அதே விதிதான். ஊது, ஊதினால் சுடும், சுட்டதை ஆற்று, பிறகு உள்ளே விடு. மேட்டில் சரக்கோடு ஏறுகிற அந்த வண்டிக்கு 81 லிட்டர் எஞ்சின் தேவையில்லை, ஐந்தாறு லிட்டர் போதும். அந்தப் பழைய போட்டியில் ஜெயித்தது யார் என்று இன்னும் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா என்ன?